என் ஊர்தியைக் கண்டு அணைந்த விளக்குகள்

இளைய நண்பர்களே, நம் ஊர்தி ஆய்வுப் பணியில் சேர்ந்தவர் முதலில் இழப்பது தேநீர்க்கடைப் பேச்சை. மரக்காணத்துக்கு மாற்றலாகி வந்த முதல் வாரத்திலேயே இதை அறிந்துகொண்டேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடை. ஓட்டுநர்கள் குவளையும் கையுமாக உரக்கச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். காக்கிச் சீருடையில் நான் உள்ளே நுழைந்ததும் சிரிப்பு நின்றுவிடும். ஒருவர் கைப்பேசியைக் காதில் வைப்பார். மற்றொருவர் தம் வண்டியின் சக்கரத்தைத் தட்டிப் பார்க்கப் போவார். விசிப்பலகை முழுவதும் எனக்கே கிடைக்கும். கடைக்காரர் மட்டும், "சார், சர்க்கரை கம்மியா?" என்று கேட்பார். ஆழிப்பேரலை வந்துபோன அடுத்த ஆண்டு அது. பணியின்பொருட்டன்றி என்னிடம் எவரேனும் பேசினார்கள் என்றால், பெரும்பாலும் அந்த ஒரு கேள்வியாகத்தான் இருந்தது.

பெண்மக்களின் படிப்பை முன்னிட்டு என் மனைவி வேலூரிலேயே தங்கிவிட்டார். நான் ஒரு மாடியறையில் தனியே குடியிருந்தேன். சாளரத்தைத் திறந்தால் உப்பளம். மழைக்காலம் முடிந்த உப்பளம் வானத்தைத் தவிர வேறெதையும் காட்டாது. காலையில் அதைப் பார்ப்பேன், மாலையில் அதைப் பார்ப்பேன், இடையில் விளக்குகளைப் பார்ப்பேன். அந்த விளக்குகளைப் பற்றித்தான் உங்களிடம் பேச விழைகிறேன்.

உப்புக்காற்று ஊர்திகளின் முகப்பு விளக்குக்குள் புகுந்து அதன் வெள்ளிப்பூச்சைத் தின்றுவிடும். சில பருவங்கள் அந்தக் கடற்கரையில் ஓடிய சரக்குந்தின் விளக்கு, துடைக்காத அரிக்கேன் போல மங்கி எரியும். அதை மாற்றுவதற்குப் பதில் ஓட்டுநர்கள் மஞ்சள் நிறப் பனிமூட்ட விளக்குகளை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். அவ்விளக்கு தாழ்வாகப் பொருத்தப்பட வேண்டியது. பனிக்கு அடியில் தரையைத் தடவிச் செல்லும்படி குனிந்திருக்க வேண்டியது. அவர்களோ அதை நிமிர்த்திக் கட்டி, பனியே இல்லாத தெளிந்த இருளிலும் எரியவிட்டார்கள். புதுச்சேரிப் பக்கமிருந்து மீன் ஏற்றிக்கொண்டு சென்னைக்கு விரையும் வேன்கள் வரிசையாக நான்கு விளக்குகளை மாட்டியிருந்தன. எதிரே வருபவர் கண்ணை மூடிக்கொண்டு ஒதுங்கினால் வழி கிடைக்கும் என்பது அவர்களின் கணக்கு.

மரக்காணத்துக்குத் தெற்கே, சாலையின் இருமருங்கும் பாத்திகள் விரியும் இடத்தில் விடியலுக்கு முன்பே ஊர்தியை நிறுத்தி ஆய்வு செய்யத் தொடங்கினேன். என் ஊர்தி ஓட்டுநர் துரைக்கண்ணு உள்ளூர்க்காரர்; பேச்சுக் குறைந்தவர். முதல் வாரங்களில் வண்டிகள் வரிசையாக அகப்பட்டன.

"பனிமூட்ட விளக்கை அணையுங்கள்" என்பேன்.

"என்னா சார்?"

"பனிமூட்ட விளக்கு. மஞ்சள் விளக்கு."

"ஓ, ஃபாக் லைட்டா? அப்படிச் சொல்லுங்களேன். நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்."

தண்டம் விதித்தேன், விளக்குகளைக் கழற்றுவித்தேன். நாள் செல்லச் செல்ல அகப்படுவோர் குறைந்தார்கள். மார்கழி பிறந்தபோது ஒரு வண்டியிலும் மஞ்சள் விளக்கு எரியவில்லை. வருபவை எல்லாம் முகப்பு விளக்கைத் தாழ்த்தி, வேகம் தணித்து, மணமேடைக்கு வரும் பெண் போல அடக்கமாக வந்தன. அந்தச் சாலை திருந்திவிட்டதென்று மேலிடத்துக்கு எழுதினேன். உயர் அலுவலர் மகிழ்ந்தார். தாமே ஒரு நாள் விடியலில் வந்து பார்ப்பதாகவும், இதே முறையைப் பிற சாலைகளுக்கும் கொண்டுசெல்வதாகவும் தெரிவித்தார்.

அந்த நாள்களில்தான் அஞ்சலை என்னிடம் வந்தார். உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள் குழுவுக்கு அவர் தலைவி. வெயில் ஏறிய ஒரு காலையில், முழங்கால் வரை சேறு காய்ந்திருக்க, ஊர்தியின் முன்னே வந்து நின்றார். பின்னால் அவர் தங்கை நின்றாள். அவள் வலக்கை மணிக்கட்டில் மாவுக்கட்டு.

"நீங்கதான் பிரேக் இன்ஸ்பெக்டரா?"

மோட்டார் வாகன ஆய்வாளர் என்பது அரசு நமக்கு இட்ட பெயர்; மக்கள் இட்டது இது. "ஆம், அம்மா" என்றேன்.

"உங்க ஜீப்பு நிக்கிற நாள்லதான் சார் எங்களுக்குக் கண்ணு அவிஞ்சி போவுது. இவளைப் பாருங்க. மூஞ்சில லைட்டை அடிச்சான் ஒருத்தன். பள்ளம் எது ரோடு எதுன்னு தெரியாம வாய்க்கால்ல விழுந்துட்டா."

அந்த ஆண்டின் பெருமழையில் அவர்கள் ஊரிலிருந்து உப்பளத்துக்குச் செல்லும் வரப்பு உடைந்துபோயிருந்தது. அதனால் பெண்கள் இருட்டில் நெடுஞ்சாலையின் விளிம்பைப் பிடித்து நடந்து, என் ஊர்தி நிற்கும் இடத்துக்கு ஒரு கல் தொலைவுக்கு முன்பே பாத்திகளுக்குள் இறங்கிவிடுவார்கள். வரப்பைப் பொங்கலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உப்பளக்காரர் சொல்லிவிட்டாராம்.

"நான் நிற்கும் நாளில் ஒரு விளக்கும் எரிவதில்லையே, அம்மா" என்றேன்.

"உங்க கண்ணு முன்னாடி எரியாது. எங்க கண்ணு முன்னாடிதான் எரியுது. நீங்களே ஆளு பார்த்து விடுறீங்க, அதான் அந்தத் திமிருன்னு எங்க பொம்பளைங்க பேசிக்கிறாங்க." பிறகு சற்றே குரல் தணிந்தது. "இவளுக்குக் கை போச்சு. அடுத்தவளுக்குத் தலை போனா யாரைப் போய்க் கேக்கறது?"

அவர் சென்றபின் துரைக்கண்ணு ஊர்தியின் கண்ணாடியை நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஏதோ தெரிந்திருந்தது, சொல்ல விரும்பவில்லை. உள்ளூரில் தொடர்ந்து வாழவேண்டியவர் அவர். நானும் கேட்கவில்லை.

விடை தற்செயலாகக் கிடைத்தது. புதுச்சேரியில் ஓர் உறவினர் இல்லத் திருமணத்துக்குச் சென்றிருந்தேன். ஊர்தியை வழக்கமான இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துமாறு துரைக்கண்ணுவிடம் சொல்லிவிட்டு, முதல் பேருந்தில் திரும்பினேன். சீருடை இல்லை, கழுத்துத் துண்டைத் தலையோடு சுற்றியிருந்தேன். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை கிடைத்தது. உப்பளங்கள் தொடங்கும் இடத்தில், எதிரே வந்த சரக்குந்து ஒன்று தன் மஞ்சள் விளக்குகளை இருமுறை பளிச்சென்று எரித்து அணைத்தது. எங்கள் ஓட்டுநர் உடனே தம் மஞ்சள் விளக்கை அணைத்தார்.

"என்னண்ணே, லைட்டை நிறுத்திட்ட?" என்றார் நடத்துநர்.

"பனிமூட்டம் நிக்குதுடா."

நான் வெளியே பார்த்தேன். விண்மீன்கள் தெளிவாகத் தெரிந்தன. "பனியே இல்லையே?" என்றேன்.

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். "நெசப் பனி இல்ல பெருசு. பிரேக் இன்ஸ்பெக்டர் ஒருத்தரு. ஃபாக் லைட்டுன்னு சொல்ல மாட்டாரு. 'பனிமூட்ட விளக்கை அணையுங்கள்'ம்பாரு. ஏழாங்கிளாஸ் வாத்தியார் கிட்ட மாட்டுன மாதிரியே இருக்கும். அதான் அந்தப் பேரு. அவரைத் தாண்டி வர்றவன் மஞ்ச லைட்டை ரெண்டு தபா அடிச்சிக் காட்டணும். அது இந்த ரோட்டுல கட்டுப்பாடு. வெள்ளை லைட்டை அடிச்சா 'ஒதுங்கு'ன்னு அர்த்தம் ஆயிடும் இல்ல?"

"ஆள் நல்லவரா?"

"பேசுனாத்தான தெரியும்? காசுக்குக் கை நீட்ட மாட்டாராம். அதான் பெரிய ரோதனை!"

அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். பல திங்கள்களுக்குப் பிறகு, மனிதர்கள் நடுவே அமர்ந்து சிரித்த சிரிப்பு அது. அப்போது எதிரே இன்னொரு வண்டி பளிச்சிட்டது. அந்த ஒளியில் சாலையின் விளிம்பு தெரிந்தது: கூடைகளைச் சுமந்த பெண்கள், ஒரு கையால் கண்ணை மறைத்து, மறு கையால் முன்னே செல்பவளின் சேலையைப் பற்றியபடி நின்றுகொண்டிருந்தார்கள். என் சிரிப்பு நின்றுவிட்டது.

நண்பர்களே, அந்தக் கணத்தில் நான் கண்டதை உங்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நான் நின்ற இடத்தைச் சுற்றி ஒரு வட்டம். வட்டத்துக்குள் வருபவர் அனைவரும் விளக்கணைத்து வந்தார்கள். வட்டத்தைத் தாண்டியதும் விளக்கேற்றி, எதிரே வருபவரின் கண்ணில் அடித்தார்கள். நான் எழுதி அனுப்பிய சாலை அந்த வட்டத்தின் அளவே இருந்தது. தெளிந்த விடியலில் மிக அதிகமாகக் கண்ணைக் கூசவைத்த ஒளி, என்னை அறிவிக்கும் ஒளியாகவே இருந்தது. அன்று அங்கே நான்கூட இல்லை. வெறும் ஊர்தியே போதுமானதாக இருந்தது.

ஊர்தி நின்ற இடத்தில் நான் இறங்கவில்லை. இறங்கியிருந்தால் அந்தப் பேருந்தின் சிரிப்பு அங்கேயே அணைந்திருக்கும். நிலையம் வரை சென்று, கல்லும் உப்புமாகக் கிடந்த விளிம்பில் திரும்பி நடந்தேன்.

மறுநாள்தான் உயர் அலுவலர் வருவதாக இருந்தது. மாலையே தொலைபேசியில் அழைத்து நிலைமையைச் சொன்னேன். "நேர்ல பேசிக்கலாம். நீங்க வழக்கமான இடத்துல நில்லுங்க. நான் பார்க்கணும்" என்றார். அது ஆணை. இடத்தை மாற்றினாலும் பயனில்லை என்பதையும் எண்ணிப் பார்த்தேன். எங்கே நின்றாலும் அந்த ஒளி இருபுறமும் முளைக்கும், அங்கேயும் எவரேனும் நடந்துகொண்டிருப்பார்கள்.

விடியலுக்கு முன் நின்றோம். கழிவெளி ஏரிப் பக்கமிருந்து மெய்யான பனிமூட்டம் எழுந்தது. அந்தப் பருவத்தில் அவ்வளவு அடர்த்தியாக நான் கண்டதில்லை. ஊர்தியின் முன்பகுதியே மறைந்துவிட்டது. பனி வெண்மையானது, பளிச்சென்று அடிக்கும் ஒளி அதில் பட்டால் சுவராக நிற்கும். ஒரு கல் தொலைவில் அந்தச் சுவருக்குள் பெண்கள் நடந்துகொண்டிருப்பார்கள்.

"ஊர்தியை எடுங்கள்" என்றேன்.

துரைக்கண்ணு கைகளைத் தேய்த்துக்கொண்டார். "சார், பெரிய ஐயா வர்ற நேரம். இங்க ஆளு இல்லைன்னா..."

"தெரியும். எடுங்கள்."

அவர் வழக்கத்தைவிட விரைந்து எடுத்தார்.

சிறுபாலத்தருகே பெண்களைக் கண்டோம். விடியும்வரை காத்திருக்கச் சொன்னேன்.

"லேட்டாப் போனா அரை நாள் கூலி சார்" என்றார் அஞ்சலை. "நீங்க போங்க. எங்களுக்குப் பழக்கம்தான்."

அவர்களைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை; விட்டுச்செல்ல மனமும் இல்லை. கைவிளக்கை எடுத்துக்கொண்டு அவர்களுக்கு முன்னே நான் நடந்தேன். துரைக்கண்ணு பின்னால் ஊர்தியை ஊர்ந்து வரச்செய்தார். எனக்குப் பின்னே அஞ்சலை. அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு, கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி தங்கை.

எதிரே ஓர் ஒளிமூட்டம் தோன்றிப் பெரிதாயிற்று. மீன் இறக்கிவிட்டுத் திரும்பும் வேன். நான் கைவிளக்கை அசைத்தேன். காக்கி நிறம் அவன் கண்ணில் பட்டிருக்க வேண்டும். எதிர்பாராத இடத்தில் என்னைக் கண்ட அச்சத்தில், அந்தச் சாலையின் ஓட்டுநர் எவரும் செய்வதை அவனும் செய்தான். நான்கு விளக்குகளையும் ஒருசேர அணைத்தான். அவன் வண்டியில் அவை நான்குதாம் விளக்கு; முகப்பு விளக்கை உப்பு தின்று நாளாகியிருந்தது.

ஒளி போயிற்று. இரைச்சல் மட்டும் எங்களை நோக்கி வந்தது.

நான் ஓடினேன். "அணைக்காதே! போடு! விளக்கைப் போடு!" என்று கத்தினேன். இரைச்சல் குறையவில்லை. என் வாழ்நாளில் பேணிவந்த சொல்லொழுக்கம் அத்தனையும் அந்தப் பனியில் கரைந்தது. "டேய், ஃபாக் லைட்டைப் போடுடா!"

மஞ்சள் ஒளி வெடித்தது. சக்கரங்கள் கிறீச்சிட்டன. வேன் என்னைத் தாண்டி, வாய்க்கால் விளிம்பில் ஒரு சக்கரம் தொங்க, அஞ்சலையின் தங்கைக்குக் கைக்கெட்டும் தொலைவில் நின்றது. அவள் தன் கட்டுப்போட்ட கையால் வண்டியின் முகப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

ஓட்டுநர் இறங்கினான். இளைஞன். அழுகையும் ஆத்திரமுமாகக் கேட்டான்: "போடச் சொல்றீங்களா, எடுக்கச் சொல்றீங்களா? ஒரு முடிவா சொல்லித் தொலைங்க சார்!"

பெண்களில் ஒருத்தி சிரித்தாள். அது வரிசையில் பரவிற்று. அச்சம் வடியும்போது வரும் சிரிப்பு. அஞ்சலை சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "சாருக்கு நம்ம பேச்சும் வருமா?" என்றார்.

எல்லோரும் சேர்ந்து வண்டியைப் பின்னுக்குத் தள்ளினோம். அதன் விளக்குகளை என் கையாலேயே தரையை நோக்கி வளைத்தேன். அந்தப் பனிக்கு அடியில், மஞ்சள் ஒளி எவர் கண்ணையும் தொடாமல் சாலையின் மீது மட்டும் படர்ந்தது. "இப்படியே எரியவிட்டுப் போ" என்றேன். அவன் நம்பாமல் இருமுறை திரும்பிப் பார்த்தபடி போனான்.

பெண்கள் பாத்திக்குள் இறங்கிய பிறகு உயர் அலுவலரின் மகிழுந்து எங்களைத் தேடி வந்து நின்றது. அவர் கண்கள் கலங்கிச் சிவந்திருந்தன.

"என்னய்யா இது? மாதிரிச் சாலைன்னு எழுதினீங்க. வழி முழுக்கக் கண்ணைத் திறக்க முடியலை. போஸ்ட்டுல உங்களையும் காணோம்."

"ஐயா, தாங்கள் இன்று கண்டதுதான் சாலை. நான் எழுதியது என் ஊர்தியைச் சுற்றியுள்ள இடத்தைப் பற்றி மட்டும்."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அவர் கடுமையானவர் அல்லர். "இதை நான் மேலே எப்படிச் சொல்றது?" என்றார். வண்டி திரும்பிச் சென்றது.

மறுநாள் காலை பெண்கள் சிறுபாலத்தின் மீது அமர்ந்துவிட்டார்கள். செய்தி கேட்டு நான் அங்கே சென்றபோது, வரப்பைப் போடும்வரை நடப்பதில்லை என்றார்கள். உப்பளக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து சத்தம் போட்டார். அஞ்சலை என்னைக் கைகாட்டி, "பிரேக் இன்ஸ்பெக்டரே சொல்லிட்டாரு, ரோட்டுல நடக்கக் கூடாதுன்னு. அவர் கிட்ட பேசிக்குங்க" என்றார். உப்பளக்காரர் என்னிடம் வந்து, "அப்படியா சார்?" என்றார். அவருடைய சரக்குந்துகள் ஆண்டுதோறும் தகுதிச் சான்றுக்கு நம்மிடம் வருபவை. அப்படி நான் எவரிடமும் சொன்னதில்லை. சொல்லும் அதிகாரமும் எனக்கில்லை. "ஆம்" என்றேன். பொங்கலுக்கு முன்பே வரப்பு எழுந்தது.

அதன்பின் சாலையில் நின்று ஆய்வு செய்வதை விட்டேன். உப்பு ஏற்றும் களங்களுக்கும் மீன் இறங்கும் துறைகளுக்கும் பகலில் சென்றேன். நிற்கும் வண்டிகளின் பழுதான முகப்பு விளக்குகளை மாற்றச் சொன்னேன். மஞ்சள் விளக்குகளைக் குனியவைத்தேன். வேலை மெல்ல நடந்தது. எழுதி அனுப்பத்தக்கதாக ஒன்றுமில்லை. தேநீர்க்கடை விசிப்பலகை முன்போலவே எனக்காகக் காலியாயிற்று. பெண்கள் இப்போது சாலைக்கு வருவதில்லை. அதற்காகவே நான் அன்று "ஆம்" என்றேன், ஆதலால் குறைசொல்ல ஏதுமில்லை. என்றேனும் நான் அந்த வழியே செல்கையில், தொலைவில் புது வரப்பின் மீதிருந்து அஞ்சலையின் குரல் வரும்: "பனிமூட்டம் சார்! சாப்டீங்களா?" நான் கையை உயர்த்துவேன். மறுமொழி அவ்வளவு தூரம் போய்ச் சேராது.

கோடை தொடங்குமுன் உள்நாட்டு அலுவலகம் ஒன்றுக்கு மாற்றப்பட்டேன். எனக்குப் பின் வந்தவர் இளைஞர், திறமையானவர். பொறுப்பை ஒப்படைக்கும்போது இவை எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். நீங்கள் இப்போது தலையசைப்பதைப் போலவே அவரும் பணிவாகத் தலையசைத்தார்.

சில கிழமைகள் கழித்து, அறையில் விட்டுவந்த சில பொருள்களை எடுக்கப் புதுச்சேரி வழியாக அதே முதல் பேருந்தில் சென்றேன். உப்பளங்கள் தொடங்கும் இடத்தில் எதிரே ஒரு மஞ்சள் ஒளி இருமுறை பளிச்சிட்டது. எங்கள் ஓட்டுநர் விளக்கை அணைத்தார். சாலை இருண்டு, அடங்கி, ஒழுங்காயிற்று. என் பழைய இடத்தில் என் பழைய ஊர்தி நின்றது. அதன் அருகே அந்த இளைஞர் கைகளைப் பின்னால் கட்டியபடி, விளக்கணைத்து வரும் வண்டிகளை மனநிறைவோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி நெடுந்தொலைவுக்கு எவருமில்லை. நான் சாளரத்தின் வழியே கையை உயர்த்தினேன். இருட்டில் அவருக்குத் தெரியவில்லை.

அவரைக் கடந்ததும் எங்கள் ஓட்டுநர் விளக்கு விசையை நோக்கிக் கையை நீட்டினார். மஞ்சள் விளக்கு, எதிரே வந்துகொண்டிருந்த யாரோ ஒருவரின் முகத்தில், இருமுறை எரிந்தது.